ஓரணாவும் ஆறு நயாபைசாவும்

கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளில் படித்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே, பலமுறை சுண்ணாம்பு பூசப்பட்டு எழுத்து மங்கிப்போன ஒரு சிறு கல். இன்னார் நினைவாக இன்னார் இந்த அறையைக் கட்டிக் கொடுத்தார் என்றோ, இத்தனை பெஞ்சுகளும் ஒரு கடிகாரமும் உபயம் என்றோ அதில் இருக்கும். கோயில் விளக்கில் பெயர் பொறிப்பதைப் போன்ற பழக்கம் அது. சில வகுப்பறைகளில் மரப்பலகையின் முதுகில்கூட வெள்ளை எழுத்தில் 'உபயம்' என்று எழுதியிருந்ததை நாம் விரலால் தடவிப் பார்த்திருக்கிறோம். அப்போது அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாது. அரசாங்கப் பள்ளியில் ஊர்க்காரர் பெயர் எதற்கு என்று கேட்கவும் தோன்றவில்லை.

இப்போது கேட்கத் தோன்றுகிறது. பள்ளிக்கூடம் யாருடையது? அதற்கு யார் பணம் கொடுப்பது? பணம் கொடுப்பவர் எதையெல்லாம் தீர்மானிக்கலாம்? நம் சட்டமன்றங்களிலும் நாளிதழ்களிலும் இன்றுவரை ஓயாத இந்த விவாதத்தைப் புதிய ஒன்றாகவே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் சென்னை மாகாணத்தில் இதற்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அதன் சில பக்கங்களை மட்டும் இங்கே புரட்டிப் பார்க்க விரும்புகிறோம். கல்வியைப் பற்றிய பெரிய சொற்களை விட்டுவிட்டு, கணக்குப் புத்தகத்தின் வழியாகவே அதைப் படித்துப் பார்க்கலாம் என்பது நம் எண்ணம்.

* * *

முதல் பக்கம் தாமஸ் மன்றோவினுடையது. சென்னை மாகாண கவர்னராக இருந்த அவர் 1822 ஜூனில் எல்லா மாவட்ட கலெக்டர்களிடமும் உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றிய கணக்கைக் கேட்டார். எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள், எந்தெந்த சாதியினர், எந்த வகையில் பள்ளிக்குப் பணம் வருகிறது என்பவை கேள்விகள். பதில்கள் வந்துசேர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1826 மார்ச்சில் மன்றோ எழுதிய குறிப்பின்படி, ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். பின்னாளில் தரம்பால் இந்த ஆவணங்களைத் தேடியெடுத்து 1983 இல் 'அழகிய மரம்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக வெளியிட்டபோது, நம்மவர் பலருக்கு அது ஒரு அதிர்ச்சியாகவே இருந்தது. ஆங்கிலேயர் வருவதற்கு முன் கல்வி ஒரு சிறு கூட்டத்தின் சொத்தாக மட்டுமே இருந்தது என்ற எண்ணத்தை அது அசைத்தது. தமிழ் பேசும் மாவட்டங்களில் பள்ளி மாணவரில் மேல் மூன்று வருணத்தார் தென் ஆர்க்காட்டில் 13 விழுக்காடு, சென்னையில் ஏறத்தாழ 23 விழுக்காடு. பெரும்பான்மையினர் மற்றவர்களே என்று அந்தக் கணக்கு காட்டியது.

இந்தக் கணக்கைக் கொண்டு பொற்காலம் ஒன்றைக் கட்டிவிடக் கூடாது. பெண்கள் மிகச் சிலரே அதில் இருந்தார்கள். 'சூத்திரர்' என்ற ஒரே சொல்லுக்குள் நிலம் உள்ளவரும் வணிகரும் கைவினைஞரும் எல்லாரும் அடக்கம். ஊருக்கு வெளியே வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் அந்தத் திண்ணைகளில் ஏறினார்களா என்று கேட்டால் அந்த அட்டவணைகளிடம் தெளிவான விடை இல்லை.

நம் கவனத்துக்குரியது வேறொன்று. இந்தப் பள்ளிகள் எவற்றுக்கும் அரசாங்கம் சம்பளம் கொடுக்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரை ஊரே வைத்துப் பேணியது. சிறிது காசு, சிறிது தானியம், பண்டிகை நாளில் ஒரு வேட்டி என்று அவர் பிழைப்பு நடந்தது. உ.வே. சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய 'என் சரித்திரம்' நூலில் தம் இளமைக்காலத் திண்ணைப் பள்ளிகளைப் பற்றிச் சொல்லும் பகுதிகளை இலக்கிய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடியும் தண்டனையும் மட்டுமல்லாமல், ஆசிரியரும் ஊரும் ஒருவரையொருவர் சார்ந்து நின்ற ஒரு பொருளாதாரமும் அங்கே தெரிகிறது.

அந்தப் பொருளாதாரம் குலைந்துகொண்டிருந்தது என்பதையும் மன்றோவுக்கு வந்த அறிக்கைகளே சொல்கின்றன. பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்ப்பெல் 1823 இல் அனுப்பிய அறிக்கை இவற்றில் புகழ்பெற்றது. தம் மாவட்டத்தின் 533 பள்ளிகளைக் கணக்கிட்டுக் காட்டிய அவர், நாடு ஏழையாகிவருவதே கல்வி தேய்வதற்குக் காரணம் என்று வெளிப்படையாக எழுதினார். நம் கைத்தறித் துணியின் இடத்தை ஐரோப்பியத் துணி பிடித்ததையும், முன்பு கல்விக்குச் சென்ற அரசுக் கொடைகள் நின்றுபோனதையும் ஓர் ஆங்கில அதிகாரியே ஆவணமாக்கியிருக்கிறார்.

மன்றோவின் தீர்வு எளிமையானது. உள்ளூர்ப் பள்ளிகளின் நடத்தையில் அரசாங்கம் தலையிட வேண்டியதில்லை. மக்கள் தம் பள்ளிகளைத் தாமே நடத்திக்கொள்ளட்டும். ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க மாவட்டத்துக்கு இரண்டு பெரிய பள்ளிகளும் தாசில் ஒன்றுக்கு ஒரு பள்ளியும் வைத்து, அவற்றின் ஆசிரியர்களுக்கு முறையே மாதம் 15 ரூபாயும் 9 ரூபாயும் கொடுப்போம் என்றார். 1827 ஜூலையில் அவர் காலராவில் இறந்தார். அவருடைய தாசில் பள்ளிகள் 1836 இல் மூடப்பட்டன. பணம் உயர்கல்விக்கும் ஆங்கிலத்துக்கும் திரும்பியது. ஊர்ப் பள்ளிக்கு அரசு தந்த முதல் வாக்குறுதி ஏறத்தாழ பத்தாண்டே உயிரோடிருந்தது.

* * *

இரண்டாம் பக்கம் 1854 ஆம் ஆண்டு சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி ஆணை. அரசாங்கமே எல்லாப் பள்ளிகளையும் நடத்தப் போதிய பணம் இல்லை; ஆகவே தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு உதவி மானியம் கொடுத்து, மேற்பார்வை மட்டும் செய்யலாம் என்றது அது. இன்றும் 'அரசு உதவி பெறும் பள்ளி' என்று பெயர்ப்பலகையில் நாம் காணும் சொற்றொடரின் வேர் இதுதான். சென்னை மாகாணத்தில் இந்த மானியத்தை அதிகம் பயன்படுத்திக்கொண்டவை கிறித்துவ சமயச் சங்கங்கள். அவர்களிடம் அமைப்பு இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், கணக்கு எழுதும் பழக்கமும் இருந்தது. மத நடுநிலை என்று சொல்லிக்கொண்ட அரசு, தன் பணத்தைப் பெரும்பாலும் மதச் சங்கங்களின் கை வழியாகவே பள்ளிக்கு அனுப்பியது என்ற முரணை அன்றைய சென்னைவாசிகள் காணாமலில்லை.

மானியம் வந்ததும் அளவுகோலும் வந்தது. இங்கிலாந்தில் 1862 இல் ராபர்ட் லோ கொண்டுவந்த விதிமுறையின் சாயலில், 'தேர்ச்சிக்கு ஏற்ற மானியம்' என்ற முறை சென்னை மாகாணத்திலும் பரவியது. ஆண்டுக்கொருமுறை இன்ஸ்பெக்டர் வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சோதிப்பார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று ஆசிரியருக்குப் பணம். சிக்கனமான, நியாயமான ஏற்பாடு என்றுதான் காகிதத்தில் தோன்றும். ஆனால் வயலில் நாற்று நடும் நாளில் சோதனை வந்தால்? காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு மானியம் உண்டா? மெதுவாகப் படிக்கும் பிள்ளை ஆசிரியரின் அரிசியைக் குறைக்கும் பிள்ளையாக மாறிவிடுகிறான். எளிதில் தேறக்கூடிய வீட்டுப் பிள்ளைகளைச் சேர்ப்பதும், மற்றவர்களைச் சோதனை நாளன்று வீட்டிலிருக்கச் சொல்வதும் இத்தகைய முறை எங்கே இருந்தாலும் நடப்பவைதாம். 1904 இல் கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானம் இந்த முறையைக் கண்டித்தது. அதன்பின் அது கைவிடப்பட்டது. பெயர் போயிற்று. அந்த எண்ணம் மட்டும் போகவில்லை என்பது மதிப்பெண் விழுக்காட்டைக் கொண்டு பள்ளிகளை வரிசைப்படுத்தும் நம் காலத்தவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இதற்கிடையே பள்ளிகளை நடத்தும் பொறுப்பு மெல்ல உள்ளாட்சி அமைப்புகளுக்குப் போயிற்று. 1871 ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டமும் 1884 ஆம் ஆண்டின் உள்ளாட்சிக் கழகச் சட்டமும் தாலுகா போர்டு, ஜில்லா போர்டு என்ற சொற்களை நம் ஊர்ப் பேச்சில் கொண்டுவந்தன. 'போர்டு ஸ்கூல்' என்று நம் தாத்தாக்கள் சொன்னது இதைத்தான். நிலவரியோடு சேர்த்து வசூலித்த மேல்வரியில் ஒரு பங்கு பள்ளிக்கு வந்தது. ஊர்ப் பணம், ஊர்ப் பிரமுகர்களின் நிர்வாகம், ஊருக்குள் பள்ளி. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஊர் என்றால் எது? பள்ளி அக்கிரகாரத்திலோ, கோயிலை ஒட்டிய சாவடியிலோ, பெரிய வீட்டுத் திண்ணையிலோ இருந்தது. சேரிப் பிள்ளை அங்கே வர இயலாது. 1910களின் இறுதியில் அரசு எடுத்த கணக்கில், மாகாணத்தில் பொது நிர்வாகத்தில் இருந்த 8,157 பள்ளிகளில் பஞ்சமர் என்று அன்று அழைக்கப்பட்ட பிரிவினரின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609 மட்டுமே. பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளிகளின் நிலை இது. சேரி மக்களும் வரி கொடுத்தார்கள், உழைப்பைக் கொடுத்தார்கள். பள்ளியின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. உள்ளூர் மக்களே பள்ளியை நடத்தட்டும் என்ற மன்றோவின் சொல்லுக்கு இப்படியொரு மறுபக்கம் உண்டு. பள்ளியை ஊரிடம் ஒப்படைத்தால், ஊரின் சாதியிடமும் ஒப்படைக்கிறோம். கர்னல் ஆல்காட் 1894 முதல் சென்னையில் இவர்களுக்கென்று தனிப் பள்ளிகள் தொடங்கியதும், எம்.சி. ராஜாவும் ரெட்டைமலை சீனிவாசனும் சட்டமன்றத்திலும் வெளியிலும் பள்ளி, கிணறு, சாலை என்று திரும்பத் திரும்பப் பேசியதும் இந்தப் பின்னணியில்தான்.

* * *

கல்வியைக் கட்டாயமாக்கினால் என்ன என்ற கேள்வியைக் கோகலே 1911 மார்ச்சில் மத்திய சட்டசபைக்குக் கொண்டுபோனார். அவருடைய மசோதா மிக எச்சரிக்கையானது. ஏற்கெனவே ஓரளவுக்குப் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் பகுதிகளில் மட்டும், உள்ளாட்சி அமைப்பு விரும்பினால், அரசின் அனுமதியோடு கட்டாயம் கொண்டுவரலாம். செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசும் ஒரு பங்கை உள்ளாட்சியும் ஏற்கலாம். 1912 மார்ச் 19 அன்று வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 13, எதிர்ப்பு 38. பணம் இல்லை என்றார்கள். மக்கள் கேட்கவில்லை என்றார்கள். வயலுக்கு ஆள் கிடைக்காது என்ற அச்சமும் நிலவுடைமையாளரிடம் இருந்தது. ஆயினும் அந்த 'இரண்டுக்கு ஒன்று' என்ற கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அது பிறகு வேறு உருவில் வரும்.

இப்போது நம் கட்டுரைத் தலைப்பின் ஓரணாவுக்கு வருகிறோம்.

1920 செப்டம்பர் 16. சென்னை மாநகராட்சி மன்றக் கூட்டம். தலைவர் சர் பிட்டி தியாகராயச் செட்டியார். ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்குப் பகலில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் வருகிறது. செலவு ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகக் கூடாது. அங்கே படிப்பவர்கள் ஏழைகள். வறுமையால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை பெரிதும் குறைகிறது என்று தலைவர் விளக்கம் சொன்னார். தீர்மானம் நிறைவேறியது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-23 இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25 இல் 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் இரு மடங்கு. எந்தக் கட்டாயச் சட்டமும் செய்யாத வேலையை ஓரணாச் சிற்றுண்டி செய்தது.

பிறகு நிகழ்ந்தது நம் நிர்வாக வரலாற்றின் துயரமான சிறு பக்கங்களில் ஒன்று. இந்தச் சிற்றுண்டிச் செலவு தொடக்கக் கல்வி நிதியிலிருந்து செய்யப்பட்டு வந்தது. சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டமும் அதே 1920 ஆம் ஆண்டில்தான் வந்திருந்தது. உள்ளாட்சிகள் கல்விக்கென வரி விதிக்கவும் அந்தப் பணத்தைத் தனி நிதியாக வைத்துக்கொள்ளவும் அது வழிசெய்தது. கல்வி நிதியைக் கல்விக்குத்தான் செலவிடலாம். சோறு கல்வி ஆகுமா? ஆகாது என்றது அரசு. செலவு அனுமதிக்கப்படவில்லை. 1925 ஏப்ரல் 1 அன்று சிற்றுண்டி நின்றது. அதே மாதம் 28 ஆம் தேதி தியாகராயச் செட்டியார் காலமானார்.

இதில் வில்லன் என்று யாரையும் காட்டுவது எளிதன்று. தொடக்கக் கல்விக்கென்று ஒதுக்கிய பணம் வேறு எதற்கும் போய்விடாமல் காப்பதற்காகவே அந்த விதி எழுதப்பட்டது. சாலை போடவும் சந்தை கட்டவும் கல்விப் பணத்தை எடுத்துவிடும் உள்ளாட்சிகளும் இருந்தன. காவலுக்கு வைத்த வேலி பயிரின் மேலேயே சாய்ந்தது என்றுதான் சொல்லவேண்டும். இன்னொன்றும் உண்டு. அது இரட்டையாட்சிக் காலம். கல்வி, மக்கள் பிரதிநிதியான அமைச்சரின் கையில்; நிதியோ கவர்னரின் நிர்வாகக் குழு உறுப்பினர் கையில். தியாகராயரின் நீதிக்கட்சியே அப்போது அமைச்சரவையில் இருந்தது. பள்ளியைப் பற்றிப் பேச ஒருவருக்கும், பணப்பெட்டியைத் திறக்க இன்னொருவருக்கும் அதிகாரம் என்றால், நடுவில் பசித்திருப்பது பிள்ளைதான்.

ஏறத்தாழ அதே காலத்தில், புதுவையிலிருந்து திரும்பி வந்த பாரதி தேசியக் கல்வியைப் பற்றி எழுதிய கட்டுரையை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. ஊரார் தாமே கூடி, தாமே நிர்வாக சபை அமைத்து, தாமே பணம் திரட்டிப் பள்ளி நடத்துவது எப்படி என்பதை அதில் அவர் வழிகாட்டிக் குறிப்பைப் போல விவரிக்கிறார். அரசை எதிர்பார்க்க வேண்டாம் என்பது அவர் வழி. அரசு தன் கணக்கைத் தளர்த்த வேண்டும் என்பது மாநகராட்சியின் வழி. இரண்டுமே அன்று முழுமையாக வெல்லவில்லை.

* * *

மூன்றாம் பக்கத்தைத் தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. ஆனால் அதன் கணக்குப் பகுதியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, பதினான்கு வயதுவரை எல்லாருக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளுக்குள் அளிக்க அரசு முயலவேண்டும் என்றது. 1952 ஏப்ரலில் சென்னை மாநில முதலமைச்சரான ராஜாஜியின் முன் இருந்த கணக்கு கடினமானது. பள்ளிக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் ஏராளம், அவர்களுக்கு வேண்டிய கட்டடமும் ஆசிரியரும் இல்லை, பணமும் இல்லை. அவர் கண்ட வழி, 1953 ஜூனில் கிராமப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம். பள்ளி நாளை இரண்டு முறைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளையும் மூன்று மணி நேரம் மட்டும் பள்ளியில் இருப்பது. மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்பது. அதே ஆசிரியர், அதே கட்டடம், இரு மடங்கு பிள்ளைகள்.

சிக்கனக் கணக்காகப் பார்த்தால் இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. உழைப்பின் வழியே கல்வி என்ற காந்தியக் கருத்தின் சாயலும் இருக்கிறது. ஆனால் வீட்டில் கற்கும் தொழில் என்றால் தமிழ்நாட்டுக் கிராமத்தில் அதற்கு ஒரே பொருள்தான். சலவைத் தொழிலாளியின் மகன் துறைக்கும் மருத்துவரின் மகன் சவரக் கத்திக்கும் போவான். நகரப் பள்ளிகளுக்கு இந்தத் திட்டம் இல்லை என்பதும் சேர்ந்துகொண்டது. 'குலக்கல்வித் திட்டம்' என்று பெரியார் சூட்டிய பெயரில் திட்டத்தின் மீதான முழுத் தீர்ப்பும் அடங்கிவிட்டது. 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இதற்கு எதிரானது. ராஜாஜியின் சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. முன்கூட்டிக் கலந்து பேசாமல் திட்டத்தைக் கொண்டுவந்தார் என்ற மனக்குறை அங்கே பலமாக ஒலித்தது.

அந்த ஜூலை இறுதியில் சட்டமன்றத்தில் நடந்ததைத் தமிழ்நாட்டு நாடாளுமன்ற வரலாற்றின் அரிய நாட்களில் ஒன்றாகக் கருதலாம். திட்டத்தைக் கைவிடக் கோரும் தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பும் 138. சபாநாயகரின் வாக்கால்தான் அரசு பிழைத்தது. திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர்களிடம் ஆய்வுக்கு விடவேண்டும் என்ற தீர்மானமோ மிகச் சிறிய வித்தியாசத்தில் நிறைவேறியது. பருலேகர் தலைமையில் குழு அமைந்தது. குழு திட்டத்தை ஏற்றுக்கொண்டது! நிபுணர் தீர்ப்பு ஒரு பக்கமும் மக்கள் தீர்ப்பு மறுபக்கமுமாக நின்றன. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்தார். அடுத்த மாதமே, கல்வி அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்படுவதை அறிவித்தார்.

இன்று திரும்பிப் பார்க்கும்போது, இரு தரப்பும் வேறு வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருந்ததாகவே நமக்குப் படுகிறது. ராஜாஜி கேட்டது, இருக்கிற பணத்தில் எத்தனை பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவரலாம் என்பது. எதிர்த்தவர்கள் கேட்டது, உள்ளே வந்த பிள்ளை என்னவாக வெளியே போவான் என்பது. முதல் கேள்வி அற்பமானதன்று. ஆனால் இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதற்கு மட்டும் சொல்லும் விடை, எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும், பள்ளிக்கூடத்தின் நோக்கத்தையே செலவுக் கணக்கில் கழித்துவிடுகிறது. 609 பள்ளிகள் என்ற பழைய எண்ணை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு, பாதி நாள் வீட்டுக்குப் போ என்ற சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டாம்.

ஆனால் திட்டம் ஒழிந்ததும் பணத் தட்டுப்பாடு ஒழிந்துவிடவில்லை. காமராஜருக்கும் அதே கஜானாதான். இன்னும் சொன்னால் 1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தபின் சிறுத்துப்போன மாநிலம். அவருடைய ஆட்சியில் என்ன மாறியது?

ஐந்நூறு பேர் வாழும் ஊருக்கெல்லாம் பள்ளி என்ற இலக்கோடு ஓராசிரியர் பள்ளிகள் பெருகின. 1955 இல், உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் சேர்த்து, ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு ஆகிய மூன்றும் கிடைத்தன. நிர்வாகியின் தயவில் வாழ்ந்த ஆசிரியர் முதுமையைப் பற்றிய அச்சமின்றி நிமிர இது வழிசெய்தது. 1956 இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, தம் தன்வரலாறான 'நினைவு அலைகள்' நூலின் வாசகர்களுக்குப் பழக்கமானவர். இந்தப் பணிகளின் நடுவில் நின்றவர்.

அந்த மதிய உணவின் கணக்கைப் பாருங்கள். ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்து நயாபைசா. அதில் ஆறு அரசின் பங்கு. நான்கு ஊரின் பங்கு. பணமாகக் கொடுக்க முடியாதவர் அரிசியாக, காய்கறியாக, விறகாகக் கொடுக்கலாம். 1957 ஏப்ரல் 1 அன்று நாட்டில் தசம நாணயம் வந்தபோது, பழைய ஓரணாவுக்குச் சமமான மதிப்பு ஆறேகால் நயாபைசா. அதாவது, 1925 இல் இது கல்விச் செலவு ஆகாது என்று அரசு தள்ளிய அந்த ஓரணா, முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஆறு நயாபைசா என்ற புது உருவில் அரசின் சொந்தக் கணக்கிலேயே ஏறியது! கோகலேயின் இரண்டுக்கு ஒன்று என்ற பங்கீடும் ஏறத்தாழ அதில் ஒளிந்திருந்தது.

1958 இல் செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இதே கொள்கையின் நீட்சி. ஆசிரியரும் ஊராரும் கூடித் தங்கள் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று பட்டியலிட்டார்கள். ஊர்க்காரர்கள் மேடையேறி ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டார்கள். கட்டடம், கிணறு, கரும்பலகை, மணி, சீருடை. கட்டுரையின் தொடக்கத்தில் நாம் சொன்ன கல்லும் வெள்ளை எழுத்தும் பெரும்பாலும் அந்த நாட்களின் மிச்சங்கள். ஆசிரியரின் சம்பளமும் சேர்க்கை விதியும் அரசின் கையில் இருந்ததால் கதவை மூடும் அதிகாரம் ஊருக்கு இல்லை. பள்ளியை மேம்படுத்தும் உரிமை மட்டும் இருந்தது. மன்றோ காலத்திலிருந்து தொடர்ந்த சிக்கலுக்கு, முழுமையாக இல்லாவிட்டாலும், ஒரு நடைமுறை விடை அப்போது கிடைத்தது என்றே எண்ணுகிறோம்.

அந்த விடையில் ஓட்டையே இல்லை என்று சொல்லமாட்டோம். வசதியான ஊரின் பள்ளிக்குக் கடிகாரமும் மின்விளக்கும் வந்தன. கொடுக்க ஆளில்லாத ஊரின் பள்ளி அப்படியே இருந்தது. நான்கு நயாபைசாவை யாரும் தராத மாதத்தில் அடுப்பு எரியாமல் போகும் அபாயம் எப்போதும் இருந்தது. கொடையை நம்பிய எதற்கும் உள்ள குறை இது.

* * *

பிறகு வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1976 இல் நெருக்கடி நிலையின்போது 42 ஆம் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. 1981 இல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவை முழு அரசுத் திட்டமாக்கினார். 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், முக்கால் பங்கு பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்றது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு காலைச் சிற்றுண்டியைத் தொடங்கியது. ஆயிரம்விளக்குத் தீர்மானத்துக்கு அப்போது வயது நூற்றிரண்டு. 2024-25 ஆம் ஆண்டில், மத்திய அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டுக்குத் தரவேண்டிய 2,152 கோடி ரூபாயை, தேசியக் கல்விக் கொள்கையோடு இணைந்த திட்டத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்ற காரணத்தால் நிறுத்திவைத்தது. கல்வி யார் கையில், பணம் யார் கையில் என்ற 1925 ஆம் ஆண்டின் கேள்வி, மாநகராட்சிக்கும் மாகாணத்துக்கும் இடையிலிருந்து மாநிலத்துக்கும் ஒன்றியத்துக்கும் இடையில் நகர்ந்திருந்தது. அவ்வளவுதான் வேறுபாடு.

இந்தப் பக்கங்களிலிருந்து நாம் கற்பது என்ன? பணம் மேலிருந்து வந்தால் அதனோடு நிபந்தனையும் வரும். தேர்ச்சிக்கு மானியம் என்றும், சோறு கல்வியாகாது என்றும், கையெழுத்திட்டால்தான் நிதி என்றும் அது காலத்துக்கேற்ற முகம் காட்டும். பணம் ஊரிலிருந்து வந்தால் ஊரின் ஏற்றத்தாழ்வும் உடன் வரும். ஊரே பள்ளியை நடத்தட்டும் என்பவர் அக்கிரகாரத் திண்ணையை நினைத்துப் பார்க்கவேண்டும். அரசே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்பவர் 1925 ஏப்ரல் முதல் நாளை நினைத்துப் பார்க்கவேண்டும்.

நம் தலைமுறையின் இழப்பு இன்னொன்று. அரசு முழுப் பொறுப்பையும் ஏற்றபின், வசதி வந்தவர்கள் தம் பிள்ளைகளைக் கட்டணப் பள்ளிகளுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டோம். அரசுப் பள்ளியைப் பற்றி விவாதிப்பவர்களில் பெரும்பாலோருடைய பிள்ளைகள் இன்று அங்கே இல்லை. இதை எழுதும் நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். விவாதம் கூர்மையாக இருக்கிறது. ஆனால் அதன் முடிவு எப்படியானாலும் நம் வீட்டுப் பிள்ளையின் மதியச் சாப்பாடு அதனால் மாறப்போவதில்லை. 1920 இலும் 1953 இலும் விவாதித்தவர்களில் பலருக்கும்கூட இது பொருந்தும். ஆயினும் அவர்களில் சிலர், தம் வீட்டில் இல்லாத பசியைக் கணக்கில் எழுதத் தெரிந்தவர்களாக இருந்தார்கள்.

சென்ற முறை ஊருக்குப் போனபோது நாம் படித்த பள்ளியின் முன் சற்று நின்றோம். கட்டடம் புதிது. பழைய சுவரோடு அந்தக் கல்லும் போய்விட்டது. உள்ளே கழுவிக் கவிழ்த்த தட்டுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தோம், முப்பத்து நான்கு.